கற்பனை நாட்டிலுமா ஊருக்கு வெளியே?



தூத்துக்குடியில் எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வரும் கல்லூரி மாணவர்கள் ஆறு பேர், போன கோடை விடுமுறையில் ஒரு விளையாட்டைத் தொடங்கினார்கள். சுற்றி உட்கார்ந்து, இல்லாத ஒரு நாட்டை உண்டாக்குவது. அதன் வரைபடம், அரசன், சாமி, காசு, பகை எல்லாவற்றையும் கூடிப் பேசித் தீர்மானித்து ஒரு நோட்டில் எழுதுவது. பிறகு ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டி, அந்த நாட்டுக்குள் கதையை நடத்திக்கொண்டு போவது. ரோல்பிளே கேம் என்று இதற்குப் பெயர். 1974-இல் அமெரிக்காவில் வெளியான ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இந்த வகை விளையாட்டுகளுக்குத் தாய்.

நம் பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்து எழுதுகிறார்களே என்று எங்களுக்கு மகிழ்ச்சி. நாட்டின் பெயர் ‘முத்துக்கரை’. பவளப்பாறை மேல் அரண்மனை, கடலோடும் தோணிகள், சுறாவின் வாயைக் கட்டும் மந்திரக்காரர், கடலுக்கடியில் உறங்கும் தெய்வம். நாற்பது பக்கம் எழுதியிருந்தார்கள். வாசித்துக் காட்டியபோது கைதட்டினோம். கைதட்டியவர்களில் நாங்களும் உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம். அந்த நாற்பது பக்கத்துக்குள் ஒரு பக்கம் இருந்தது. அது காதில் விழுந்தும் எங்களுக்கு உறைக்கவில்லை.

அந்தப் பக்கத்தின் தலைப்பு ‘சதுப்பினர்’. மதிலுக்கு வெளியே, உப்பளம் தாண்டி, சதுப்பு நிலத்தில் வாழும் கூட்டம். பிறவியிலேயே உடல்வலு அதிகம், அறிவு குறைவு. மந்திரம் பலிக்காது. அவர்கள் உடம்பில் விஷம் ஏறாது. ஆகவே நகரத்தின் சாக்கடையும் செத்த மாடும் அவர்கள் பொறுப்பு. ‘வலிமை கூட்டல் 3, அறிவு கழித்தல் 3’ என்று கணக்கும் போட்டிருந்தது.

ஆறு பேரில் ஒருவர் உப்பளத் தொழிலாளியின் மகள், தலித் மாணவி. பாத்திரம் பிரித்த அன்று அவரிடம் ஒரு தோழி சொன்னாராம்: “ஏட்டி, சதுப்புப் பிள்ளைய நீயே எடு. ஒனக்குத்தான் அந்தப் பக்கம் பழக்கம்லா.” எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவர் வரவில்லை.

மற்றவர்களைக் கூப்பிட்டுப் பேசினோம். அவர்கள் கெட்ட பிள்ளைகள் இல்லை. அம்பேத்கர் பிறந்தநாள் கூட்டத்துக்கு நாற்காலி போட்டவர்கள். “எக்கா, நாங்க சாதிய நெனச்சு எழுதலக்கா. இது சும்மா கேம்தான?” என்றார்கள்.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு எங்கள் பதில்.

சாதியை நினைத்து எழுதவில்லை என்பதை நம்புகிறோம். பிரச்சினையே அதுதான். நினைக்காமல் எழுதும்போதுதான் நம் கை எந்தப் பழக்கத்தில் ஓடுகிறது என்று தெரியும். மதிலை எங்கே போடுவது என்று அந்த ஆறு பேரும் ஒருநாள் முழுக்க விவாதித்திருக்கிறார்கள். மதிலுக்கு வெளியே யாரை வைப்பது என்பதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

இந்த விளையாட்டு பிறந்த இடத்திலேயே இந்த நோய் இருந்தது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் ஒவ்வொருவரும் ஓர் ‘இனத்தில்’ பிறந்தவர். இனத்துக்கு ஏற்றபடி வலிமையும் அறிவும் கூடும், குறையும். ஓர்க் என்றால் முரடர், தீயவர். ட்ரோ என்ற கருந்தோல் கூட்டமும் தீயது. பிறப்பு ஒருவரின் குணத்தைத் தீர்மானிக்கும் என்பதை எண்ணாக மாற்றி அட்டவணை போட்டுக் கொடுத்தார்கள். 2020-இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிறகு அமெரிக்கா கொதித்தபோதுதான், இனி எந்தக் கூட்டத்தையும் பிறவியிலேயே தீயதாகக் காட்டமாட்டோம் என்று அந்த நிறுவனம் அறிவித்தது. ‘இனம்’ என்ற சொல்லைக் கைவிடுவதாக 2022-இல் சொன்னது. 2024-இல் வந்த புதிய விதிநூலில், வலிமையும் அறிவும் கூடுவது பிறப்பைப் பொறுத்ததாக இல்லை. அந்தப் பாத்திரம் எப்படி வளர்ந்தது, என்ன செய்துவந்தது என்பதைப் பொறுத்தது. பிறப்பையும் குணத்தையும் பிரிக்க ஒரு விளையாட்டுக்கே 50 ஆண்டு பிடித்திருக்கிறது.

அவர்கள் தூக்கிப்போட்ட விதியை நம் பிள்ளைகள் எடுத்து வைத்துக்கொண்டார்கள். அமெரிக்கரைப் பார்த்து எடுத்தார்கள் என்று நாங்கள் நினைக்கவில்லை. கூட்டல் 3, கழித்தல் 3 என்ற கணக்கை நம் ஊர்த் திண்ணையில் எல்லோரும் கேட்டிருக்கிறோம். ‘அவனுக்கு உடம்பு வலு உண்டு, படிப்பு ஏறாது’ என்ற பேச்சைப் பள்ளிக்கூடத்தில் கேட்காத தலித் பிள்ளை உண்டா?

இப்போது முத்துக்கரைக்கு வருவோம்.

நோட்டில் அரண்மனைத் தூண்களில் முத்து பதித்திருக்கிறது. அரசியின் மாலையில் முத்து. கடல்தெய்வத்தின் கண்ணும் முத்து. நாற்பது பக்கத்தைப் புரட்டினோம். முத்தை எடுப்பவர் ஒருவர்கூட இல்லை. முத்து தானாகவே கரையேறி வந்து அரசியின் கழுத்தில் ஏறிக்கொண்டது போல இருந்தது.

இந்தக் கரையின் உண்மை வரலாறு அந்த நோட்டைவிட விசித்திரமானது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட கடல்வழிக் குறிப்பான பெரிப்ளூஸ், கொற்கைப் பகுதியில் தண்டனை பெற்ற குற்றவாளிகளை வைத்து முத்தெடுத்ததாகச் சொல்கிறது. பிற்காலத்தில் முத்துக்குளிப்பு உரிமையைக் ‘கல்’ கணக்கில் பிரித்தார்கள். குளிப்பவர் விரைவாக ஆழத்துக்கு இறங்குவதற்காகக் காலோடு கொண்டுபோகும் கல் அது. அரசருக்கு இத்தனை கல் வரியில்லை, கோயிலுக்கு இத்தனை கல் வரியில்லை என்று பேச்சு. இன்னொருவர் மூச்சை அடக்கி இறங்கும் கல்லால் அதிகாரத்தை அளந்தார்கள். சுறா கடிக்காமல் மந்திரம் போடும் ‘கடல்கட்டி’ என்பவர் இல்லாமல் குளிப்பவர்கள் கடலில் இறங்கமாட்டார்கள். அதனால் ஆங்கிலேய அரசாங்கமே அவருக்குக் கூலி கொடுத்தது. குளித்தவர்களுக்குச் சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு, மிச்சம் அரசாங்கத்துக்கு. 1961-க்குப் பிறகு அந்தப் பெரிய முத்துக்குளிப்பே இந்தக் கரையில் நடக்கவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். கடலில் குளித்த பரதவர்களின் வரலாறும் கரையில் உப்பு வாரிய தலித்துகளின் வரலாறும் ஒன்றல்ல. அவர்கள் வரலாற்றை எங்களுடையது என்று நாங்கள் உரிமை கொண்டாடவில்லை. இரண்டிலும் நாங்கள் பார்ப்பது ஒரே வேலையை: பொருளை வைத்துக்கொண்டு, உழைத்தவரைப் படத்திலிருந்து எடுத்துவிடுவது.

நோட்டிலும் அதுதான் நடந்திருக்கிறது. முதலில் உழைப்பு காணாமல் போகிறது. ஆனால் எந்த நாடும், கற்பனை நாடுகூட, உழைப்பில்லாமல் ஓடாது. யாராவது சாக்கடை அள்ளியாக வேண்டும். அப்போது அந்த வேலைக்கென்றே பிறந்த ஒரு கூட்டம் தேவைப்படுகிறது. அவர்கள் மேல் திணித்த வேலை அவர்களின் இயல்பாகிவிடுகிறது. சாக்கடை அள்ளவைத்ததால் ஒதுக்கப்பட்டவர்கள் என்று எழுதினால் அங்கே ஒரு குற்றவாளி இருப்பார். விஷம் ஏறாத உடம்போடு பிறந்தவர்கள் என்று எழுதிவிட்டால் குற்றவாளியே இல்லை. சாதி இத்தனை நூற்றாண்டாகச் செய்துவருவது இதைத்தான். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையும் பிரித்துப் படிப்படியாக அடுக்குகிறது என்று அண்ணல் அம்பேத்கர் விளக்கினார். அந்த அடுக்கைத்தான் நம் பிள்ளைகள் அறியாமலே ஒரு பக்கத்தில் கட்டி முடித்திருக்கிறார்கள்.

விஷம் ஏறாத உடம்பு! மலக்குழி மரணச் செய்தி வரும் ஒவ்வொரு முறையும் இந்தச் சொல்லை நினைத்துப் பாருங்கள். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்ய 1993-இல் ஒரு சட்டம், 2013-இல் இன்னொரு சட்டம். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் தர வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இத்தனைக்குப் பிறகும் ஆட்கள் இறக்கப்படுகிறார்கள், பிணங்கள் ஏறி வருகின்றன. விஷவாயு யாருடைய பிறப்பையும் பார்ப்பதில்லை. உள்ளே இறக்குகிறவர்கள்தான் பார்க்கிறார்கள்.

‘சும்மா ஒரு பெயர், சும்மா ஒரு கதை’ என்பவர்களுக்கு நம் மாவட்டத்தின் கதையைச் சொல்கிறோம். 1986-இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்தபோது இந்த மாவட்டத்தின் பெயர் வ.உ.சிதம்பரனார் மாவட்டம். 1997-இல் அரசு ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை வைத்தது. கட்டபொம்மனோடு நின்று ஆங்கிலேயரை எதிர்த்தவர், இதே மாவட்டத்துக் கவர்னகிரிக்காரர், தேவேந்திரர். பேருந்தின் பக்கவாட்டில் எழுதிய அந்தப் பெயரைப் பொறுக்க முடியாமல் தென்மாவட்டங்களில் கலவரம் வெடித்தது. அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்றார்கள். கடைசியில் மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இருந்த எல்லாத் தலைவர்களின் பெயரையும் அரசு எடுத்துவிட்டது. சுந்தரலிங்கத்தின் பெயர் போகட்டும் என்று வ.உ.சி.யின் பெயரும் வரைபடத்திலிருந்து போனது. வரைபடத்தில் ஒரு பெயர் எழுதுவது சும்மா என்றால், எதற்கு அத்தனை ரத்தம்?

பெயரை மாற்றினால் மட்டும் போதுமா என்று அடுத்த கேள்வி வரும். 2025 ஏப்ரலில், ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். ஆனால் சுடுகாட்டுக்குப் பாதை இல்லாத தெருவுக்குப் புதுப்பெயர் வைத்தாலும் பிணம் வயல்வரப்பு வழியாகத்தான் போகும். ‘சதுப்பினர்’ என்பதை ‘நீர்நில மக்கள்’ என்று திருத்தி எழுதுகிறோம் என்றார் ஒரு தம்பி. திருத்த வேண்டியது தலைப்பை இல்லை தம்பி, கணக்கை.

வேடம் போட்டு இன்னொருவராக வாழ்ந்து பார்க்கும் விளையாட்டு வெளிநாட்டிலிருந்து வந்தது என்று நினைக்க வேண்டாம். நம் கரையில் குலசேகரன்பட்டினம் இருக்கிறது. முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு ஆயிரக்கணக்கானோர் காப்புக் கட்டி, காளியாக, ராஜாவாக, குரங்காக, போலீசாக, பிச்சைக்காரராக வேடம் போடுகிறார்கள். காளி வேடம் போடுபவர்கள் 41 நாள், 48 நாள் என்று விரதம் இருக்கிறார்கள். ஊர் ஊராகத் தசரா குழு அமைத்து, மேளத்தோடு வீடு வீடாகப் போகிறார்கள். சூரசம்ஹாரத்தன்று கடற்கரையே வேறு உலகமாக இருக்கும். அந்த உலகத்துக்கு ஓர் அருமையான விதி உண்டு. என்ன வேடம் போட்டாலும் தர்மம் எடுக்க வேண்டும். ராஜாவும் தட்டு ஏந்தி வீட்டு வாசலில் நிற்க வேண்டும். நாங்கள் சின்ன வயதில் அதை வாய் பிளந்து பார்த்திருக்கிறோம்.

ஆனால் அதே தசராவுக்கு ஒவ்வோர் ஆண்டும் மாவட்ட நிர்வாகமும் காவல்துறையும் ஓர் அறிவிப்பு வெளியிட வேண்டியிருக்கிறது: சாதி அடையாளக் கொடி, ரிப்பன், பனியன் கூடாது. முகத்தில் காளியைப் பூசிக்கொண்டவர் தலையில் சாதி ரிப்பனைக் கட்டிக்கொண்டு வருகிறார்! இன்னொருவராக மாறுவதற்கென்றே போகும் இடத்துக்குக்கூடச் சாதியை வீட்டில் வைத்துவிட்டு வர மனமில்லை. தென்மாவட்டத் திருவிழா மேடைகளில் இன்னொன்றும் நடந்தது. குறவன் குறத்தி வேடம் போட்டு ஆபாசமாக ஆடுவார்கள். ஒரு சமூகத்தின் பெயரே கேலிக்கான உடுப்பானது. குறவர் மக்கள் விடாமல் எதிர்த்தார்கள். 2023-இல் தமிழக அரசு அந்த ஆட்டத்தை நாட்டுப்புறக் கலைகளின் பட்டியலிலிருந்து நீக்கியது. அந்த வேடம் யாரைக் காயப்படுத்துகிறது என்பதை ஆடியவர்கள் சொல்லவில்லை. வேடத்துக்குப் பெயர் கொடுக்க வைக்கப்பட்டவர்கள்தான் சொன்னார்கள்.

எங்கள் விமர்சனத்தைக் கேட்ட மாணவர்கள் உடனே இரண்டு யோசனை சொன்னார்கள். இரண்டையும் நாங்கள் மறுத்தோம்.

முதல் யோசனை: “முத்துக்கரையில் சாதியே கிடையாதுன்னு எழுதிருவோம்.” அப்படியானால் சாக்கடையை யார் அள்ளுவார்? பதில் இல்லை. உப்பை யார் வாருவார்? பதில் இல்லை. விடிவதற்கு முன்பே பாத்தியில் இறங்கி, உப்புநீர் காலை அரிக்க, வெயில் கண்ணைக் கூசச்செய்ய நிற்கும் பெண்கள் இந்த ஊரில் நம் பக்கத்து வீட்டுக்காரர்கள். மழைக்காலத்தில் அவர்களுக்கு வேலையும் இல்லை. அவர்கள் வேலையைச் சொல்லாமல் ‘எல்லோரும் சமம்’ என்று ஒரு வரி எழுதுவது, மாடியில் உட்கார்ந்திருப்பவர் தரையே இல்லை என்று சொல்வது போன்றது. சாதியை ஒழித்த நாட்டை எழுதுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. எப்படி ஒழித்தார்கள், அந்த வேலைகளை எப்படிப் பங்கிட்டார்கள், யார் எதை இழந்தார்கள், யார் எதிர்த்தார்கள் என்று எழுதுங்கள். அதைவிடப் பெரிய சாகசக் கதை உங்களுக்கு எங்கே கிடைக்கும்?

இரண்டாம் யோசனை: “அப்போ சதுப்பினர் பக்கத்த அவளே எழுதட்டும்.” கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மதில் போட்டாயிற்று, வரைபடம் வரைந்தாயிற்று, அரண்மனைக்கு நடுவில் இடம் கொடுத்தாயிற்று. மிச்சமிருக்கும் மூலையில் உன் வலியை நீயே எழுது என்பது அழைப்பா? 1936-இல் லாகூரின் ஜாத் பாத் தோடக் மண்டல் அண்ணலைத் தலைமையுரைக்கு அழைத்தது. உரையை வாசித்துவிட்டுச் சில பகுதிகளை மாற்றச் சொன்னது. ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற அவர் சம்மதிக்கவில்லை, மாநாடே நடக்கவில்லை. ‘சாதியை அழித்தொழித்தல்’ அவர் சொந்தச் செலவில் அச்சாகி வந்தது. மேடைக்கு அழைப்பது வேறு, எழுதும் உரிமை வேறு என்பதை நாம் அங்கிருந்தே படித்திருக்க வேண்டும். நம் தங்கைக்குச் சதுப்பைப் பற்றி மட்டும்தான் தெரியும் என்று யார் முடிவு செய்தது? அவர் கப்பல் எழுதலாம், வானியல் எழுதலாம், அரசியின் காதலை எழுதலாம். அந்த நாட்டின் நீதிமன்றத்தை எழுதலாம்.

நமக்கு உலகம் கட்டத் தெரியாது என்று எவரும் சொல்ல முடியாது. வாரணாசியில் செருப்புத் தைத்த ரவிதாசர் ‘பேகம்புரா’ என்ற நகரத்தைப் பாடினார்: துயரமும் வரியும் இல்லாத, எவரும் எங்கும் தடையில்லாமல் நடக்கக்கூடிய நகரம். அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கி, இந்த நாட்டின் கதையையே பௌத்தத்தின் பக்கமிருந்து மறுபடி எழுதினார். தாழ்த்தப்பட்டவர்கள் எனப்படுவோர் பூர்வ பௌத்தர்கள் என்று கூறி, நமக்குச் சொல்லப்பட்ட பிறவிக் கணக்கைத் தலைகீழாக்கினார். 

இந்த விளையாட்டுக்குள்ளேயே ஒருவர் இருக்கிறார். கொல்கத்தாவைச் சேர்ந்த தலித் எழுத்தாளர் மிமி மண்டல். 2022-இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நிறுவனம் வெள்ளையர் அல்லாத எழுத்தாளர்களைக் கொண்டே ஒரு சாகசத் தொகுப்பை வெளியிட்டது. அதில் வங்கத்தின் ஆறுகளை நினைவூட்டும் ஒரு நாட்டை அவர் உருவாக்கினார். அந்த நாட்டின் பெயர் ‘சங்கபூமி’, சங்கின் நிலம். தூத்துக்குடிக் கடலில் குளித்தெடுத்த சங்கு காலங்காலமாக வங்கத்துக்குப் போய்த்தான் அங்குள்ள பெண்களின் கையில் வளையலானது. நம் கரையிலிருந்து போன சங்கின் பெயரில் ஒரு தலித் பெண் நாடு கட்டி, உலகம் முழுக்க அதில் விளையாடுகிறார்கள். நம் கரையில் ஒரு தலித் பெண்ணைச் சதுப்பில் நிற்கச் சொல்கிறோம்.

ஆகவே இந்த விளையாட்டை விட்டுவிடுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. விடாதீர்கள். ஆனால் அரண்மனை வரைவதற்கு முன் சில கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். இந்த நாட்டில் அழுக்கை யார் அகற்றுகிறார், அவருக்கு என்ன கூலி, அந்த வேலையை விட்டுப்போக அவருக்கு வழி உண்டா? பிறப்பால் கூடும், குறையும் எண் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அடித்துவிடுங்கள். மதில் இருந்தால் அதை யார் கட்டினார், எந்த ஆண்டு, எதற்குப் பயந்து என்று எழுதுங்கள். வரைபடத்தில் முதல் கோட்டை யார் போட்டது என்றும் எழுதுங்கள். முதல் கோட்டைப் போடும்போது மேசையில் இல்லாதவருக்குப் பிறகு எந்தப் பாத்திரத்தைக் கொடுத்தாலும் அது பிச்சைதான்.

கற்பனையில் இதைச் செய்ய முடியாதவர்கள் நாளை பஞ்சாயத்தில், கல்லூரி நிர்வாகத்தில், துறைமுக அலுவலகத்தில் உட்கார்ந்து செய்துவிடுவார்களா? அங்கே பகடை உருட்டி மறுபடி ஆட முடியாது.

போன வாரம் அந்தத் தங்கை வந்தார். மற்ற ஐந்து பேரும் மன்னிப்புக் கேட்டார்கள். சதுப்பினர் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிடுகிறோம் என்று ஒருவர் நோட்டை எடுத்தார். அவர் தடுத்துவிட்டார்.

“கிழிக்காதீங்க. கோடு போட்டு அடிங்க. எழுதுனது தெரியணும்.”

அடித்த அந்தப் பக்கம் அப்படியே இருக்கிறது. அடுத்த பக்கத்தில் புது வரைபடம் தொடங்கியிருக்கிறது. முதல் கோட்டை அவர் போட்டார். அரண்மனை எங்கே வரும் என்று இன்னும் முடிவாகவில்லை. அரண்மனை வேண்டுமா என்பதே இப்போது விவாதத்தில் இருக்கிறது.